கொரிய முடாங் சைபீரிய ஷாமனின் வாரிசா?

கொரியப் படங்களில் முடாங் என்ற சாமியாடிப் பெண் பட்டு அங்கியோடு மேளச் சத்தத்துக்குச் சுழன்று ஆடுகிறாள், வெறுங்காலோடு கத்தி விளிம்பில் ஏறி நிற்கிறாள், பிறகு செத்தவர் குரலில் பேசுகிறாள். இது சைபீரியாவிலிருந்து இறங்கி வந்த வழக்கமா, பக்கத்து நாடுகளில் இதுபோல் உண்டா, இந்தச் சடங்கின் பெயரான 'குட்' என்பதற்கும் நம் கூத்துக்கும் உறவு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்விகள் போலத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான்: இந்தச் சடங்குக்குச் சொந்தக்காரர்கள் யார்? சுருக்கமாகச் சொன்னால், சாமி ஆளைப் பிடிக்கும் விதத்தில் வடக்கோடு உறவு தெரிகிறது. வந்த சாமி உடுத்துவதும் உண்பதும் அதட்டுவதும் பழைய கொரிய அரண்மனையையும் அதிகாரிகளையும் பார்த்து வார்த்தவை. தெற்கே போனால் சாமி பிடிப்பதே இல்லாமல் பரம்பரைத் தொழிலாக நடக்கும் இன்னொரு வகை இருக்கிறது. ஒரே வேரைத் தேடினால் இதில் ஏதாவது ஒன்று கையை விட்டுப் போய்விடும்.

பெயர்களை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம். சடங்கின் பெயர் குட். கடைசி ஒலி வாய்க்குள்ளேயே நின்றுவிடும். சடங்கை நடத்துபவருக்குப் பொதுப்பெயர் முடாங். அதில் கொஞ்சம் இளக்காரம் ஒட்டியிருப்பதால் தலைநகர் சோல் பக்கத்திலும் வடமேற்கு ஹ்வாங்ஹே மரபிலும் மான்ஷின் என்று மரியாதையாகச் சொல்வார்கள். ஆணாக இருந்தால் பாக்சு. தென்மேற்கு ஜொல்லாவில் டாங்கோல், ஜேஜு தீவில் ஷிம்பாங். 'ஷாமன்' என்பது சைபீரியாவின் எவெங்கி மக்கள் தங்கள் சாமியாடிக்கு வைத்த சொல். 17ஆம் நூற்றாண்டில் ரஷ்யர்கள் வழியாக ஐரோப்பாவுக்குப் போய், பிறகு உலகம் முழுவதற்கும் ஒட்டப்பட்ட சீட்டு அது. ஒரே சீட்டை ஒட்டிவிட்டதால் உள்ளே இருப்பதும் ஒன்றே என்ற எண்ணம் வந்துவிடுகிறது.

சோல் பாணி குட் எப்படி நடக்கும் என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். வீட்டுக்கு நல்வாழ்வு வேண்டிச் செய்வது ஜேசு குட். காலையில் தொடங்கி மாலை வரை போகும். பகுதி பகுதியாக நடக்கும். ஒவ்வொரு பகுதிக்கும் கொரி என்று பெயர். பன்னிரண்டு கொரி என்பது வாய்வழக்கான கணக்கு, உண்மையில் கூடும், குறையும். முதலில் தீட்டுக் கழிப்பு. முடாங் ஜாங்கு மேளத்தின் முன் உட்கார்ந்து எல்லா சாமிகளையும் பெயர் சொல்லி அழைப்பார். ஜாங்கு என்பது உடுக்கை போல இடை சுருங்கிய பெரிய மேளம். அதன் பிறகு மேளம் வேறொரு பெண்ணின் கைக்குப் போகும். முடாங் எழுந்து நின்று, அந்தந்த சாமிக்குரிய அங்கியை முந்தைய அங்கியின் மேலேயே போட்டு, ஒரு கையில் விசிறியும் மறுகையில் கொத்து மணியுமாக ஆடத் தொடங்குவார். ஆட்டம் உச்சத்துக்குப் போய் குதிக்கத் தொடங்கும்போது சாமி இறங்கிவிட்டது என்று கொள்வார்கள். மேளம் நிற்கும். முடாங் வாயிலிருந்து அருள்வாக்கு வரும். அதற்குக் கோங்சு என்று பெயர்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். வந்த சாமி பெரும்பாலும் குறைதான் சொல்லும். 'இவ்வளவு நாள் என்னை மறந்தீர்களே, இதுவா படையல்?' வீட்டுப் பெண் இரண்டு உள்ளங்கைகளையும் தேய்த்துக்கொண்டே மன்னிப்புக் கேட்பாள். சாமி இன்னும் கேட்கும், அவள் பணத்தாளை அங்கியின் கயிற்றில் செருகுவாள், சாமி மனம் இறங்கி வாக்குக் கொடுக்கும். இந்தப் பேரத்தில் யாரையும் மிஞ்சியவர் டேகாம். பழைய அரசின் மேலதிகாரியைக் குறிக்கும் சொல் அது. படை அங்கியும் தொப்பியுமாக வந்து, மதுவும் இறைச்சியும் காசும் கேட்டு வீடு முழுக்கச் சுற்றிவருவார், கேலி பேசுவார், கூடியிருப்பவர்கள் சிரித்துச் சிரித்துக் களைப்பார்கள். இதற்கு நேர்மாறு ஜேசொக். பௌத்தச் சாயல் கொண்ட, பிள்ளைப்பேறும் ஆயுளும் தரும் சாமி. வெள்ளை அங்கி, கூம்புத் தொப்பி. அவருக்குப் புலால் ஆகாது. வெள்ளை அரிசிப் பணியாரம், பழம், நீர் மட்டும்தான். அவர் தட்டில் பன்றித் துண்டு ஒன்று தவறி வந்துவிட்டாலும் அந்தப் படையல் கெட்டதுதான். அதனால்தான் படையல் மேசைகளைத் தனித்தனியாகப் பிரித்து வைக்கிறார்கள்.

சாமி திருப்தியானதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. மூன்று முனைச் சூலத்தில் பன்றியையோ பன்றித் தலையையோ குத்தி, உப்போ அரிசியோ பரப்பிய தட்டின் மேல் அதன் கைப்பிடியை ஊன்றிப் பிடிப்பார்கள். பிறகு மெல்லக் கையை எடுப்பார்கள். சூலம் தானாக நின்றால் படையல் ஏற்கப்பட்டது. சாய்ந்தால் வீட்டார் கும்பிட வேண்டும், இன்னும் காசு வைக்க வேண்டும், மறுபடி முயல வேண்டும். சுமை நடுவில் சமமாக அமைந்து அடியில் தானியம் பிடிப்புக் கொடுத்தால் நிற்கும் என்பது கண்ணுக்குத் தெரிந்த விஷயம். நேரம் எடுப்பது நிறுத்தும் வித்தை என்று நினைத்துவிடாதீர்கள். அந்த இடைவெளியில்தான் குடும்பத்துக்குள் இருக்கும் மனத்தாங்கல்கள் வெளியே வருகின்றன.

நீங்கள் கேட்ட கத்தி ஜாக்டு. வைக்கோல் வெட்டும் கத்தி அது. முக்கியமாக ஹ்வாங்ஹே மரபுக்குரியது. தண்ணீர்ச் சாடி, அரிசி அளக்கும் மரக்கால், பலகை என்று அடுக்கி உயர்த்தி, உச்சியில் இரண்டு கத்திகளை விளிம்பு மேலே தெரியக் கட்டுவார்கள். ஏறுமுன் முடாங் விளிம்பை முன்கையில், கன்னத்தில், நாக்கில் வைத்துக் காட்டுவார். கத்தி மழுங்கலா என்று எல்லோரும் கேட்பார்கள். கூரான விளிம்பும் நேராக அழுத்தும்போது சட்டென்று வெட்டாது, இழுபடும்போதுதான் வெட்டும். கால் வழுக்கினாலோ அடுக்கு ஆடினாலோ காயம் நிச்சயம். நம்புகிறவர்களுக்கு அது படைத்தலைவன் சாமி ஏறி நிற்கும் இடம். அங்கே நின்று சொல்லும் வாக்குக்கு எடை அதிகம்.

இனி ஆள் எப்படித் தேர்வாகிறார் என்ற விஷயம். வடக்கு மரபில் அது நோயாக வரும். ஷின்பியோங், அதாவது சாமி நோய். சாப்பாடு இறங்காது, தூக்கம் வராது, கனவுகள் வரும், குடும்பத்தில் அடுத்தடுத்து இழப்பு வரும், வைத்தியத்துக்குக் கேட்காது. ஏற்றுக்கொண்டால் தீரும், மறுத்தால் முற்றும் என்பது நம்பிக்கை. ஏற்கும் சடங்கு நேரிம் குட். அதற்கு முன்பே கண்ட கண்ட ஆவிகளைத் துரத்தும் சிறு சடங்கு ஒன்று வேண்டும், இல்லாவிட்டால் தவறான ஆவி வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பார்கள். ஹ்வாங்ஹே முறையில் மூடி போட்ட கிண்ணங்களை வரிசையாக வைப்பார்கள். தெளிந்த நீர், அரிசி, பருப்பு, சாம்பல் என்று உள்ளே வெவ்வேறு. புதியவர் ஆட்டத்தின் நடுவே திறக்க வேண்டும். நீரோ அரிசியோ முதலில் வந்தால் நல்லது. ஒளித்துவைத்த மணியையும் விசிறியையும் அவரே கண்டுபிடிக்க வேண்டும். கடைசியில் 'பேச்சு வாசல்' திறந்து வாக்கு வர வேண்டும். அடிக்கடி தவறுவது இந்த இடத்தில்தான்: எல்லாம் நடக்கும், வாய் மட்டும் திறக்காது. மறுபடி ஒரு நேரிம் குட், மறுபடி செலவு. கொரியாவில் முடாங் மீது வரும் பணப் புகார்களில் இது பழகிப்போன வகை. சடங்கை நடத்தியவர் 'சாமித் தாய்', புதியவர் 'சாமி மகள்'. சடங்கு ஒரு நாள்தான். பாட்டு, படையல், அங்கி வரிசை எல்லாம் கற்கப் பல ஆண்டுகள் தாயோடு போக வேண்டும்.

தெற்கே ஜொல்லாவில் இந்த நோய்க் கதை வேண்டியதில்லை. டாங்கோல் குடும்பத்தில் பிறந்து, அல்லது அந்தக் குடும்பத்துக்கு மருமகளாக வந்து, மாமியாரிடம் பாட்டுக் கற்று, கணவன்மார் வாசிக்க, குறிப்பிட்ட கிராமங்களுக்குப் பரம்பரையாகச் சடங்கு செய்துவந்தார்கள். ஜிண்டோ தீவின் ஸிட்கிம் குட் இதன் தலைசிறந்த வடிவம். ஸிட்கிம் என்றால் கழுவுதல். இறந்தவரின் உடைகளைப் பாயில் வைத்துச் சுருட்டி, ஏழு இடத்தில் கட்டி, நிமிர்த்தி நிறுத்துவார்கள். அதுதான் உடல். மேலே மது காய்ச்சப் பயன்படும் நொதிக் கட்டி, அதன் மேல் காகிதத்தில் வெட்டிய உயிர் உருவம் உள்ள கிண்ணம், எல்லாவற்றுக்கும் மேலே தொப்பி போல இரும்புச் சட்டியின் மூடி. சிறு துடைப்பத்தை மாசிப்பச்சை இனத்துக் கசப்புத் தழை ஊறிய நீரிலும், வாசனை நீரிலும், கடைசியில் வெறும் நீரிலும் தோய்த்துத் தலையிலிருந்து அடிவரை கழுவுவார் டாங்கோல். இதற்கு முன்போ பின்போ, நீண்ட வெள்ளைப் பருத்தித் துணியில் போட்ட முடிச்சுகளை ஒவ்வொன்றாக உதறி அவிழ்ப்பார். இறந்தவர் மனத்தில் சிக்கிக் கிடந்தவை அவை. பிறகு குடும்பத்தார் துணியின் இரு முனைகளையும் பிடித்து நிற்க, உயிர் வைத்த சிறு கூடை அதன் மேல் மெல்ல நகரும். வழிச்செலவுக்குத் துணியில் காசு போடுவார்கள். சாமி இறங்குவது, குரல் மாறுவது எதுவும் இல்லை. பாட்டும் துணியும் நீரும்தான். வாசிப்பவர்கள் கூடவே பின்னும் இசை, ஷினாவி. இந்தக் குடும்பங்களிலிருந்துதான் பான்சொரி என்ற கதைப்பாட்டின் பாடகர்களும் சாஞ்சோ என்ற தனி வாத்திய இசை வாசிப்பவர்களும் பெரும்பாலும் வந்தார்கள்.

கடலில் மூழ்கி இறந்தவருக்கு இன்னொரு படி கூடும். அரிசி நிறைத்த கிண்ணத்தைத் துணியில் இறுகக் கட்டிக் கயிற்றில் கடலுக்குள் இறக்குவார்கள். மேலே இழுத்து அவிழ்க்கும்போது அரிசியில் ஒரு தலைமுடி இருந்தால் உயிர் வந்து சேர்ந்தது. இல்லாவிட்டால் மறுபடி இறக்க வேண்டும்.

பாடநூல்களில் ஹான் ஆற்றுக்கு வடக்கே சாமி இறங்குபவர், தெற்கே பரம்பரையினர் என்று ஒரு கோடு போட்டிருப்பார்கள். அதை ரொம்ப நம்ப வேண்டாம். சோலுக்குத் தெற்கே சுவோன், ஓசான் பக்கத்தில் பரம்பரைக் குடும்பங்கள் இருந்தன. இன்று தெற்கில் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் சாமி நோய் வழியாக வருபவர்கள்தான், ஏனென்றால் பரம்பரையை நிறுத்தியது கிராமம் கலைந்ததும் சாதி இழிவும். பழைய கொரிய அரசான ஜோசொனில் முடாங் மிகத் தாழ்ந்த பிரிவு. ஜேஜு இந்தக் கோட்டிலேயே அடங்காது. அங்கே ஷிம்பாங்குக்கு அதிகாரம் தருவது மெங்டு என்ற மூன்று கருவிகள்: கத்தி இணை, மணி, குறி பார்க்கும் தட்டும் காசுகளும். அவை கைமாறி வரும், கூடவே முந்தைய ஷிம்பாங்குகளின் வரிசையும் வரும். சாமிகளின் பிறப்புக் கதைகளான போன்புரியைப் பாடுவதே அங்கு சடங்கின் முதுகெலும்பு.

இப்போது அண்டை வீட்டார். எவெங்கி, நானாய் போன்ற சைபீரியத் துங்கூசிய மக்களிடம் ஷாமன் ஒருபக்கத் தோல் போர்த்திய வளைய மேளத்தைத் தன் கையிலேயே பிடித்து அடிப்பார். மேளம் பல இடங்களில் வாகனம், அதில் ஏறி அவர் உயிர் வெளியே போகும். அங்கியில் இரும்புத் துண்டுகள் தொங்கும். கொரியாவில் ஆடும்போது மேளம் முடாங் கையில் இல்லை, உயிர் எங்கும் போவதில்லை, சாமிதான் இங்கே வருகிறது. பயணம் கதையாக மட்டும் மிஞ்சியிருக்கிறது. சோலின் ஈமச் சடங்கில் பாடும் இளவரசி பாரி கதையில், ஏழாவதும் பெண்ணாகப் பிறந்ததால் வீசப்பட்டவள் மேற்குலகம் போய், மூன்று ஆண்டு நீர் இறைத்து, மூன்று ஆண்டு விறகு சுமந்து, மூன்று ஆண்டு அடுப்பெரித்து, உயிர் மருந்து நீரோடு திரும்பிப் பெற்றோரை எழுப்புகிறாள். கொரியாவுக்கு வடக்கே இருந்து போய்ச் சீனாவை ஆண்ட மஞ்சுக்களின் நிசான் ஷாமன் கதையில் ஷாமனே பாதாளம் போகிறாள். சேவலும் நாயும் பிடித்துக்கொண்டு, மொச்சை விழுதும் காகிதக் கட்டும் காவலர்களுக்குக் கொடுத்து வழி கேட்கிறாள். இரண்டிலும் பெண், இரண்டிலும் செத்தவரை மீட்டல். நிசான் செய்வது ஷாமனின் தொழில். பாரி செய்ததை முடாங் நின்று பாடுகிறார், தான் போவதில்லை. பாட்டு முடிந்ததும் நீண்ட பருத்தித் துணியையும் சணல் துணியையும் விரித்துப் பிடிக்கச் சொல்லி, தன் மார்பால் நடுவே கிழித்துக்கொண்டே நடப்பார். பருத்தி இவ்வுலகப் பாலம், சணல் அவ்வுலகப் பாலம்.

மஞ்சுக்களிடம் இன்னொரு பாடமும் இருக்கிறது. அங்கும் சாமி பிடித்த ஷாமன், குலச் சடங்கை முறையாகச் செய்யும் ஷாமன் என்று இரண்டு வகை. 1747இல் சீனாவை ஆண்ட மஞ்சுப் பேரரசர் சியன்லோங் அரண்மனைச் சடங்கையே சட்டப் புத்தகமாக எழுதச் செய்தார். ஜப்பானின் தெற்குத் தீவான ஒகினாவாவில் பழைய ரியூக்யூ அரசு அமர்த்திய நோரோ பூசாரிணிகள் ஒரு பக்கம், சாமி நோய் வந்து குறி சொல்லும் யூதா பெண்கள் மறுபக்கம். அந்த நோய்க்கு அங்கே காமிடாரி என்று பெயர். அறிகுறிகளைக் கொரிய ஷின்பியோங்கோடு பக்கத்தில் வைத்தால் பிரித்துச் சொல்வது கடினம். வட ஜப்பானின் இடாகோ மரபாகப் பார்வையற்ற பெண்கள். சிறுவயதிலேயே குருவிடம் சேர்ந்து கற்று, இறந்தவர் பேச்சைப் பேசுவார்கள். ஓசோரே மலைக் கோயிலில் ஜூலை 20 முதல் 24 வரை நடக்கும் விழா அவர்களால் பெயர்பெற்றது. ஆனால் இடாகோ உட்கார்ந்தே பேசுவார். ஆட்டமும் அங்கி மாற்றமும் இல்லை.

அங்கி மாற்றத்துக்கு நெருங்கிய இணை வேண்டுமென்றால் சைபீரியாவை விட்டுவிட்டு வியட்நாமைப் பாருங்கள். 2016இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த அன்னை தெய்வ வழிபாட்டின் லென் டோங் சடங்கில், ஒரே ஆள்மேல் படைத்தலைவர், அரசவை மாது, இளவரசன் என்று வரிசையாக இறங்குவார்கள். ஒவ்வொருவருக்கும் தனி உடை, தனி இசை. வந்தவர் குடித்து, ஆடி, கூட்டத்துக்குப் பரிசு வீசிவிட்டுப் போவார். கொரியாவிலிருந்து அங்கே போனதாகவோ அங்கிருந்து வந்ததாகவோ ஆதாரம் கிடையாது. இரண்டு நாட்டிலும் சீனப் பாணி அரசாங்கம் நூற்றாண்டுகளாக இருந்தது, மேலுலகமும் அதே அலுவலக வடிவில் கற்பனை ஆனது என்பதே எனக்குப் பொருத்தமாகப் படும் விளக்கம். கத்திக்கும் அப்படித்தான். தைவானில் டாங்கி என்ற சாமியாடி மீது சாமி வந்தால் கத்தி ஏணி ஏறுவார், முள் உருண்டையால் தன்னையே அடித்துக்கொள்வார். அங்கே இரத்தம் வர வேண்டும், கொரியாவில் வரக் கூடாது.

வரலாற்றில் எது உறுதி? 12-13ஆம் நூற்றாண்டுக் கவிஞர் யி க்யூபோ, பக்கத்து வீட்டுக் கிழ முடாங்கைத் தலைநகரிலிருந்து துரத்தியதைக் கொண்டாடி ஒரு கவிதை எழுதினார். சுவர் நிறையச் சாமிப் படங்கள், குதித்துக் குதித்து உத்தரத்தில் தலை முட்டுதல் என்று எல்லாம் அதில் இருக்கிறது. திட்டத்தான் எழுதினார், நமக்குச் சாட்சி ஆகிவிட்டது. முடாங் அங்கிகளை வண்ணப் படமாகக் காட்டும் ஏடு ஒன்று சோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அதில் உள்ள ஆண்டுப் பெயர் அறுபது ஆண்டுச் சுழற்சியில் வருவதால் 1825 ஆகவும் இருக்கலாம், 1885 ஆகவும் இருக்கலாம். அதற்கு முன்பான குட்டின் வரிசை பற்றி யாராவது விரிவாகச் சொன்னால் அது ஊகம். பழங்காலக் கொரிய அரசான சில்லாவின் மன்னர்களுடைய பொற்கிரீடத்தில் மான்கொம்பும் மரமும் போன்ற வடிவங்கள் இருப்பதை வைத்து அவர்கள் ஷாமன்களே என்பார்கள். சைபீரியத் தலையணிகளோடு ஒற்றுமை கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் கிரீடம் அணிந்தவர் சாமியாடினார் என்பதற்கு அது சான்றாகாது. இரண்டாம் சில்லா மன்னரின் பட்டப்பெயரான சாசாஉங் முடாங்கைக் குறிக்கும் என்று பழைய வரலாற்று நூல் சொல்கிறது. அது வலுவான குறிப்பு, ஆனால் எழுதப்பட்டது பல நூற்றாண்டு கழித்து.

சொல்லின் வேர் பற்றி. குட் என்பதை நற்பேறு, உயிர் என்ற பொருளுள்ள துருக்கிய, மங்கோலிய, துங்கூசியச் சொற்களோடு பின்லாந்து மொழியியலாளர் ராம்ஸ்டெட் இணைத்தார். அந்த மொழிகள் ஒரே குடும்பமா என்பதே இன்றும் தகராறு என்பதால் இது ஏற்கத்தக்க ஊகம், அவ்வளவே. கூத்து என்ற நம் சொல்லோடு ஒலி மட்டும்தான் ஒத்துப்போகிறது. இடையில் கடந்து வந்த வழியைக் காட்ட ஒரு சொல்கூட இல்லாதபோது உறவு சொல்ல முடியாது. சாமியாட்டம், குறி, படையல் என்ற சொற்களால் கொரியச் சடங்கை நாம் சுலபமாகப் புரிந்துகொள்கிறோம் என்பது உண்மை. அது மொழிபெயர்ப்பின் வசதி.

நேரில் பார்க்க விரும்பினால்: ஜேஜுவில் சந்திரக் கணக்கின் இரண்டாம் மாதம் 14ஆம் நாள், காற்றுத் தெய்வம் யோங்டுங் பாட்டியை வழியனுப்பும் சில்மொரிடாங் சடங்கு. 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கடலில் மூழ்கிச் சிப்பி எடுக்கும் பெண்களுக்காகத் தினை விதையைத் தூவுவதும், பாயில் சிதறிய தினையைப் பார்த்து விளைச்சல் சொல்வதும் அங்கு முக்கியம். சோலில் இன்வாங் மலையிலுள்ள குக்சாடாங் கோயிலில் தனியார் குட் நடக்கும். அது முதலில் நாம்சான் மலையில் இருந்தது, ஜப்பானியர் அங்கே தங்கள் ஷிண்டோ கோயில் கட்டியதால் 1925இல் இடம் மாறியது. 1970களில் மூடநம்பிக்கை ஒழிப்பு என்று ஊர்க் கோயில்களை இடித்த அரசே 1980இல் ஜிண்டோ, ஜேஜு சடங்குகளைத் தேசியச் சொத்தாக அறிவித்தது. அதன் பலன் மேடைக் குட்: இரண்டு மணி நேரம், நல்ல ஒலிபெருக்கி, வாக்கு கேட்க ஒரு குடும்பம் இல்லை. அடுக்ககங்களில் சத்தத்துக்குப் புகார் வருவதால் வீட்டுக் குட்டும் இப்போது மலையடிவார வாடகைக் கூடங்களுக்குப் போய்விட்டது.

எங்கே பார்த்தாலும் கடைசிவரை இருங்கள். பலர் கத்தி முடிந்ததும் கிளம்பிவிடுவார்கள். பெரிய சாமிகள் போன பிறகு ட்விட்ஜொன் என்ற பகுதி வரும். கோயில் இல்லாத, குடும்பம் இல்லாத, வாசலில் காத்துக் கிடக்கும் ஆவிகளுக்கு மிச்சம் மீதியைக் கொடுத்து அனுப்புவது. அங்கி சாதாரணம், பேச்சு கொச்சை, சோறும் பணியாரமும் ஒரு கலத்தில் கலந்து வெளியே எறியப்படும். இறுதியில் முடாங் கத்தியை வாசல் பக்கம் வீசுவார். அந்த நேரத்தில் கதவுக்கு நேராக நிற்காதீர்கள். முனை வெளியே பார்த்து விழுந்தால் எல்லோரும் போய்விட்டார்கள். உள்ளே பார்த்தால் யாரோ இன்னும் நிற்கிறார்கள், இன்னொரு பிடி சோறு எறிந்துவிட்டு மறுபடி வீச வேண்டும்.